நாளைக்கும் இதே தெருதான்

சைபர்பங்க் மேசை விளையாட்டில் எந்த மிஷன் நடத்தினால் ஆட்டம் மனதில் நிற்கும்? தூத்துக்குடிக் கடலோரத்தில் விடை தேடினோம். முத்துச் சலாபம் முதல் 2019-இல் வந்த இழுவைப் படகு வரை எல்லாமே மேசைக்கு வந்து சேர்ந்தன.

இரவு பதினோரு மணி. கரைக்குப் பன்னிரண்டு கடல் மைலுக்கு வெளியே தோணி நிற்கிறது. இன்ஜினை அணைத்தாயிற்று. கருங்கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தோணி அது. அடித்தட்டில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மனிதர் சுருண்டு கிடக்கிறார். ஒரு தீவு நாட்டின் முன்னாள் பெரும்புள்ளி. இப்போது அதே நாட்டுப் போலீஸ் தேடும் ஆள். தெற்கே ஒரு விளக்கு நகர்கிறது. மீன்பிடிப் படகின் விளக்கு அவ்வளவு உயரத்தில் இருக்காது.

"உருட்டு தம்பி," என்றேன்.

பத்துப் பக்கப் பகடை டீப்பாயில் உருண்டு, மக்ரூன் டப்பாவில் முட்டி நின்றது. ஒன்று. இந்த விளையாட்டில் ஒன்று விழுந்தால் கதை கெட்டுப்போகும் என்று அர்த்தம். நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த நால்வரில் இளையவன், உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவன், என்னிடம் கேட்டான்: "அண்ணே, இந்தத் தண்டலுக்கு வீட்ல எத்தன பேரு?"

என் குறிப்பேட்டில் அதற்குப் பதில் இல்லை. தோணியை ஓட்ட ஒரு தண்டல் தேவைப்பட்டார். 'தண்டல், வயது 50' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். தப்பிக்கும் வழி நான்கு யோசித்திருந்தேன், துப்பாக்கிச் சண்டைக்கு வரைபடம்கூடப் போட்டிருந்தேன். மாட்டிக்கொண்டால் தோணியோடு ஜெயிலுக்குப் போகிறவரின் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆட்டம் அங்கேயே நின்றது. அன்றிலிருந்து நான் மிஷன் எழுதும் விதம் மாறிவிட்டது.

பகடை, பென்சில், நாலு பேர்

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள், பேச்சில் ஜி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். முடியுமா முடியாதா என்ற இடத்தில் பகடை பேசும். சைபர்பங்க் இதில் ஒரு வகை: பெருங்கம்பெனிகள் அரசாங்கத்தைவிடப் பெரிதாகிவிட்ட ஒரு எதிர்காலம், உடம்பில் இயந்திரம் பொருத்திக்கொண்ட கூலிக்காரர்கள், இரவில் வந்து சேரும் வேலைகள். அந்த வேலைதான் மிஷன்.

கணினியில் 'சைபர்பங்க் 2077' ஆடியவர்கள் பலர். அதற்கு மூலமே இந்த மேசை விளையாட்டுதான் என்பது அவர்களில் சிலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஜி.எம். இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே 'உனக்குப் பிடித்த மிஷன் எது' என்பதில் வந்து நிற்கும். பொருளைத் திருடுவது, ஆளைக் கடத்திக் கொண்டுவருவது, சரக்கைச் சேர்ப்பது, காவல் நிற்பது, கம்பெனியோடு மோதுவது, வலைப்பின்னலுக்குள் புகுவது. இந்த ஆறுக்குள் பெரும்பாலானவை அடங்கும். ஆறுக்கும் தூத்துக்குடியில் நிஜமான வேர் உண்டு.

▪ பெட்டிச் செய்தி: மேசையின் கதை
மைக் பாண்ட்ஸ்மித் எழுதிய 'சைபர்பங்க்' 1988-இல் ஆர். டால்சோரியன் கேம்ஸ் வெளியீடாக வந்தது. கதை நடக்கும் ஆண்டு 2013. இரண்டாம் பதிப்பான 'சைபர்பங்க் 2020' வந்தது 1990-இல். 2020-இல் வந்த 'சைபர்பங்க் ரெட்' 2045-இல் நடக்கிறது. இதே வகையில் மந்திரமும் கலந்த 'ஷேடோரன்' 1989-இல் வந்தது. வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்ஸர்' நாவல் 1984.

கரை சேர்க்கும் வேலை

ஆளைக் கடத்திக் கொண்டுவரும் மிஷனில் பொதுவாக ஆள் ஒரு விஞ்ஞானி. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குத் தாவுவார். கூரையில் ஹெலிகாப்டர் இறங்கும். பத்துத் தடவை ஆடியாயிற்று, அலுத்துவிட்டது.

எங்கள் தோணிக் கதையின் வேர் 2019-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் 'விர்கோ 9' என்ற இழுவைப் படகு தூத்துக்குடியிலிருந்து கருங்கல் ஏற்றிய பார்ஜை இழுத்துக்கொண்டு மாலத்தீவு போனது. ஆகஸ்ட் 1 அன்று திரும்பியபோது அதில் ஓர் ஆள் கூடுதல்: மாலத்தீவின் முன்னாள் துணை அதிபர் அகமது அதீப். கடலோரக் காவல் படை படகைக் கடலிலேயே நிறுத்தியது. அதிகாரிகள் படகில் ஏறி விசாரித்தார்கள். கரையில் கால் வைக்க விடாமல் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

செய்தியாக இது இரண்டு நாள் ஓடியது. மேசைக்கு இதில் கிடைப்பது வேறு. அந்தப் படகில் ஒன்பது மாலுமிகள் இருந்தார்கள்: எட்டுப் பேர் இந்தோனேசியர், ஒருவர் இந்தியர். எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். நடுக்கடலில் கூடுதலாக ஒரு முகம் தெரிந்ததும் அவர்கள் என்ன செய்வார்கள்? சொல்லாமல் இருந்தால் கூட்டாளி, சொன்னால் காட்டிக்கொடுத்தவர். ஜி.எம். இந்த மிஷனை நடத்துவதாக இருந்தால், ஆட்டக்காரர்களை வீரர்களாக வைக்காமல் அந்த ஒன்பது பேராக வைத்துப் பாருங்கள். ஒரு தோட்டா சுடாமல் மூன்று மணி நேரம் போகும், யாரும் எழுந்து டீ போடக்கூடப் போக மாட்டார்கள்.

1,500 லிட்டர் டீசல்

பாண்ட்ஸ்மித் கற்பனை செய்த 2013-இல் கம்பெனிகளுக்குச் சொந்தப் படை உண்டு. நிஜமான 2013 அக்டோபர் 12 அன்று, 'சீமேன் கார்ட் ஓஹியோ' என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை பிடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் கப்பல், சியரா லியோன் கொடி. உள்ளே 10 மாலுமிகள், 25 காவலர்கள். பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன், இந்தியா என்று பல நாட்டார். 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேல் தோட்டாக்கள். சரக்குக் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க வந்தோம் என்பது அவர்கள் தரப்பு.

வழக்கு நான்கு ஆண்டு இழுத்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அதற்குள் அந்த மனிதர்களின் நான்கு வருட வாழ்க்கை போய்விட்டது. பிரிட்டனில், அந்நாட்டுக் காவலர் ஆறு பேரின் குடும்பங்கள் 'சென்னை சிக்ஸ்' என்ற பெயரில் இயக்கம் நடத்தின.

காவல் மிஷன் என்றால் இதைத்தான் நான் நடத்துவேன். துப்பாக்கிக் கணக்கு எனக்கு முக்கியமில்லை. அந்த வழக்கில் ஒரு சின்னக் குற்றச்சாட்டு இருந்தது: கப்பல் இங்குள்ள படகு ஒன்றிலிருந்து சட்டவிரோதமாக 1,500 லிட்டர் டீசல் வாங்கியது என்று. கதைக்கு அதுதான் வாசல். ஆட்டக்காரர்கள் படகோட்டிகள். ஒரு ஃபோன் வருகிறது: நல்ல விலை, எட்டு பீப்பாய், வெளிக்கடலில் ஒரு கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும், கேள்வி கேட்கக் கூடாது. சைபர்பங்க் உலகில் இதைவிடச் சின்ன வேலை கிடையாது. கொடுத்துவிட்டு வந்து தூங்குகிறார்கள். மறுநாள் கப்பல் பிடிபட்டது என்று பேப்பரில் வருகிறது. மிஷன் அங்கேதான் ஆரம்பம். தரகர் ஃபோனை எடுப்பதில்லை. பீப்பாய் இரவல் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். படகு யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவன் மெதுவாகக் கேட்கிறான்.

பெட்டிக்குள் என்ன

'சைபர்பங்க் ரெட்' உலகம் கன்டெய்னர்களால் ஆனது. உலக வணிகம் சரிந்து பெட்டிகள் தேங்கிக் கிடக்கின்றன. ஏழைகள் அவற்றில் குடியிருக்கிறார்கள். துறைமுகச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது புதிதாக எதுவும் தோன்றாது.

2021 ஏப்ரலில் பனாமாவிலிருந்து ஆண்ட்வெர்ப், கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வந்த மரத்தடிப் பெட்டி ஒன்றுக்குள் 300-க்கும் மேற்பட்ட கோகெய்ன் பொட்டலங்களை வருவாய்ப் புலனாய்வுத் துறை எடுத்தது. இது சினிமாவுக்கு ஏற்ற சரக்கு. நான் மேசைக்கு எடுப்பது கடல் அட்டையை.

2001-இல் இந்தியா கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அதே அட்டவணை. எதிர்க்கரையான இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். ஒரே கடல், ஒரே அட்டை. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஏழு வருடச் சிறைவரை போகக்கூடிய குற்றம், அந்தப் பக்கம் தொழில். அதற்கு முந்தைய நாள்வரை அட்டை எடுத்துப் பிழைத்த குளியாளிகள் ஒரே அறிவிப்பில் குற்றவாளிகளாகும் நிலைக்கு வந்தார்கள். அட்டை அழிந்துவிடும் என்ற கவலையும் பொய்யில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் சரக்கைக் கொடுத்தால்தான் மேசையில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாதாடுவார்கள். என் மேசையில் ஒருமுறை வாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. படகு அன்று கிளம்பவே இல்லை. நான் நடத்தியதில் நல்ல செஷன்களில் அது ஒன்று.

மூடிய சிப்பி

திருட்டு மிஷனுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மன்னார் வளைகுடாவைப் போல் ஒரு களம் திருட்டுக் கதைக்கு வேறெங்கும் அமையாது.

சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் படகுகள் நள்ளிரவில் தரைக்காற்றில் கிளம்பி, விடியும்போது சிப்பி கிடக்கும் பாரில் போய் நிற்கும். தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் ஏழு முதல் பத்துப் பாகம் (ஃபேதம்) ஆழத்தில் கிடக்கின்றன. குளியாளி கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து இறங்குவார். கூடையில் சிப்பியை வாரிப் போடுவார். மேலே கயிறு பிடிப்பவர் இழுப்பார். மூச்சு ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். சுறா வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. மதியம் கடற்காற்றில் படகுகள் திரும்பும். சிப்பி மூன்று பங்காகும்: இரண்டு அரசுக்கு, ஒன்று குளியாளிகளுக்கு.

பிறகு ஏலம். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று திறக்காமலேயே விற்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. வேலி அடைத்த கொட்டுகளில் சிப்பியை நாள்கணக்கில் அழுக விட்டுக் கழுவி எடுத்தால்தான் விடை. அந்தக் கொட்டுகளில் வேலை செய்தவர்கள் முத்தை விழுங்குவதும், அதைப் பிடிக்கக் காவல் போடுவதும் சலாபக் குறிப்புகளில் நிறைய.

ஒரு ஜி.எம்.முக்கு இதில் இருக்கும் புதையலைப் பாருங்கள். வழக்கமான திருட்டில் பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். இங்கே திருடிய பிறகும் தெரியாது. மூட்டை கையில் இருக்கிறது. இன்றே திறக்காமல் விற்கலாம், குறைந்த விலை. காத்திருந்து திறக்கலாம், ஆனால் சிப்பி அழுகும். அழுகும் சிப்பியின் நாற்றம் நாலு தெரு தாண்டும். தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சி மூன்றாம் நாள் கேட்டுவிடுவார்.

நான் இதை 2045-க்கு நகர்த்தினேன். வளர்ப்புச் சிப்பி, கடலடியைக் குத்தகைக்கு எடுத்த ஒரு கம்பெனி, ட்ரோன் காவல். (குத்தகை என் கற்பனையும் இல்லை: 1906-இல் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஒரு கம்பெனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது.) ஆட்டக்காரர்கள் திறமையாகத் திருடினார்கள். ட்ரோனை ஏமாற்றினார்கள், கேட்டைத் திறந்தார்கள், நாலு மூட்டையோடு வெளியே வந்தார்கள். திறந்து பார்த்த நாளில்தான் மூட்டையில் கட்டியிருந்த அடையாளத் துணியைக் கவனித்தார்கள். அது கம்பெனியின் பங்கு இல்லை. குளியாளிகளின் மூன்றில் ஒரு பங்கு.

மேசையில் அரை நிமிடம் யாரும் பேசவில்லை.

இந்த மிஷனில் இன்னொன்றும் சேர்த்தேன். சைபர்பங்கில் உடம்பில் இயந்திரம் பொருத்தப் பொருத்த, மனிதத்தன்மை என்ற ஒரு எண் குறைந்துகொண்டே வரும். எங்கள் கரையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சடக்கிக் குளித்த தாத்தாவைவிட நெடுநேரம் கீழே நிற்கலாம். மேலே வேகமாக ஏறினால் மூட்டு முடங்கும், சில நேரம் உயிர் போகும். அதனால் என் மேசையில் அந்த எண்ணை மாற்றிவிட்டேன். ஆழ்குளி ஒவ்வொன்றுக்கும் மூட்டில் ஒரு புள்ளி குறையும், அது திரும்ப வராது. விலை உயர்ந்த இயந்திரக் கைகளுக்கு ஆசைப்பட்ட பையன்கள் இந்த ஒரு விதி வந்த பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் யோசிக்கிறார்கள்.

▪ பெட்டிச் செய்தி: முத்து போன கரை
தூத்துக்குடியில் கடைசியாகத் தொடர்ந்து சலாபம் நடந்தது 1955 முதல் 1961 வரை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி 1973-இல் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். மிச்சமிருப்பவற்றில் ஒன்றான கரியாச்சல்லித் தீவு 1969-இல் சுமார் 20 ஹெக்டேர். இன்று அதில் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

ஒரு குடையின் விலை

கம்பெனியோடு மோதும் மிஷன் என்றதும் ஆட்டக்காரர் கை வெடிகுண்டைத் தேடும். தூத்துக்குடிக்காரனுக்கு வேறு கதை தெரியும்.

1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஏகபோகமாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம், மார்ச்சில் வ.உ.சி. கைது, ஜூலையில் தீர்ப்பு, இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் சுதேசிக் கம்பெனி தலைவனில்லாமல் சரிந்தது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது.

இதை மிஷனாக வைத்தபோது முதல் தடவை பையன்கள் எதிராளிப் படகைக் கொளுத்தினார்கள். நான் தடுக்கவில்லை. மறுநாள் இன்னொரு படகு வந்தது, பயணிகள் அதே இலவசத்துக்கு வரிசையில் நின்றார்கள், போலீசுக்கு ஒரு காரணம் கிடைத்தது. இரண்டாம் தடவை அவர்களே ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். கப்பல் ஏறும் பாலத்தடியில் நின்று, கையில் குடையோடு வரும் ஒரு பாட்டியிடம் பேச வேண்டும். கொழும்பில் பேரனைப் பார்க்கப் போகிறார், இடுப்பில் முடிந்த காசு சில்லறைதான். அவரை எட்டணா கொடுத்து நம் கப்பலில் ஏறச் சொல்ல என்ன வாய் வேண்டும்? நான் வைத்த மிஷன்களில் கடினமானது இதுதான். ஆறு பேரிடம் பேசி இரண்டு பேரை ஏற்றினார்கள். அந்த இருவருக்காக அவர்கள் கைதட்டிக்கொண்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

வலை அணைந்த நாட்கள்

'ரெட்' உலகத்தில் உலகளாவிய இணையம் செத்துவிட்டது. அதனால் வலைக்குள் புகுகிறவர் வீட்டில் உட்கார்ந்து எதையும் உடைக்க முடியாது. இணைப்புப் புள்ளிக்கு ஆறு மீட்டர் தூரத்துக்குள் உடம்போடு போக வேண்டும். வெளியூர் நண்பர்களுக்கு அந்த விதி விசித்திரமாகத் தெரிகிறது. எங்களுக்கு இல்லை. 2018 மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். செம்பு உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் பதின்மூன்று பேர் இறந்த நேரம் அது.

அந்தத் துப்பாக்கிச் சூட்டை நான் மேசைக்குக் கொண்டுவருவதில்லை, கொண்டுவரவும் மாட்டேன். இறந்தவர்களின் வீடுகள் இதே ஊரில் இருக்கின்றன. என் மேசையில் உட்காருகிறவர்களில் அந்தத் தெருக்காரரும் உண்டு. பகடையால் தீர்மானிக்கக் கூடாத விஷயங்கள் இருக்கின்றன.

அணைந்த வலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊரில் இணையம் இல்லை, ஒரு மருத்துவமனையின் ரத்த இருப்புப் பட்டியல் இன்னொரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். கையில் எழுதி, சைக்கிளில் எடுத்துக்கொண்டு, ஐந்து தடுப்புகளைக் கடக்க வேண்டும். வலை நிபுணர் பாத்திரம் எடுத்தவர் முதலில் முகம் சுளித்தார். மூன்றாவது தடுப்பில் அவர்தான் சைக்கிளை ஓட்டினார்.

தண்டல் வீடு

தோணிக்குத் திரும்புகிறேன். பகடையில் விழுந்தது ஒன்று, விதி விதிதான். காவல் படை ஏறியது. தார்ப்பாய்க்குக் கீழே இருந்த பெரும்புள்ளி திருப்பி அனுப்பப்பட்டார், அவருக்கு வக்கீல் உண்டு. ஆட்டக்காரர் நால்வரும் நீந்தித் தப்பினார்கள். தண்டல் தோணியை விட்டு வரவில்லை. அவரைக் கொண்டுபோனார்கள்.

பேசிய பணம் முழுதும் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. இதுவரை அப்படி வந்தால் புதுத் துப்பாக்கி, புதுக் கண், என்ன வாங்கலாம் என்றுதான் பேச்சு ஓடும். அன்று நால்வரும் விடைபெறும்போது யாரும் கடைப் பட்டியலைத் தொடவில்லை.

வரும் ஞாயிறு அடுத்த செஷன். இந்தத் தடவை வரைபடம் போடவில்லை. திரேஸ்புரத்தில் ஒரு வீட்டு வாசல், உள்ளே ஐந்து பேர்: தண்டலின் அம்மா, மனைவி, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள், இரண்டு பையன்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். உப்பளத்துக் கணக்குக்காரத் தம்பி நேற்று ஃபோன் செய்தான். "அண்ணே, பணத்த அந்த அம்மாட்ட என்னன்னு சொல்லிக் கொடுக்கது?" என்றான். அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கதவைத் தட்டப்போவது யார் என்றே இன்னும் பேசி முடியவில்லை.